தெர்மாகோல் பானை தொடர்பாக

அனுப்புநர்:
பட்டாம்பூச்சிப் பிரிவில் பயிலும் இரண்டு வயது நான்கு மாதப் பெண் குழந்தையின் தாத்தா (தாய்வழி),
அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு), சென்னை.

பெறுநர்:
நிர்வாகத்தார் அவர்கள்,
எங்கள் தெருமுனை மழலையர் விளையாட்டுப் பள்ளி.

பொருள்: பொங்கல் விழா – செயல்வழிக் கற்றல் – குழந்தை தன் கையாலேயே பானை செய்து வருதல் – தாத்தாவால் செய்து முடிக்கப்பட்டது – அறிக்கை அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் வாட்ஸ்அப் சுற்றறிக்கை, இரவு 9.47 மணி. 2. மேற்படி சுற்றறிக்கைக்கான நினைவூட்டல், இரவு 9.52 மணி.

ஐயா / அம்மையீர்,

33 ஆண்டுகள் கோப்பு எழுதிய கை என்னுடையது. ஆணை வந்தால் நிறைவேற்றிவிட்டு அறிக்கை அனுப்பாமல் அதற்குத் தூக்கம் வராது. ஆகவே இக்கடிதம்.

பார்வை 1-இல் கண்ட சுற்றறிக்கையில் தாங்கள் கேட்டிருந்தவை: (அ) குழந்தை தன் கையாலேயே செய்த, பத்து அங்குல உயரமுள்ள பொங்கல் பானை மாதிரி ஒன்று, அது சாயாமல் நிற்க வேண்டும். (ஆ) தொட்டு உணரும் தட்டுக்காக, நீலச் சாயம் ஏற்றிய அரைக் கிலோ பச்சரிசியும் ஒரு கைப்பிடி காய்ந்த மொச்சையும். (இ) பொங்கலைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வரி. (ஈ) பட்டுப்பாவாடை. இவற்றுக்குக் கீழே, ‘பெற்றோர் உதவக் கூடாது’ என்ற ஒரு வரியும் அதன் பக்கத்தில் சிரிக்கும் மஞ்சள் முகமும் இருந்தன. அந்த முகம் ஏன் சிரித்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

இப்பணியை நிறைவேற்ற வேண்டியவரின் தகுதிகளை முதலில் பதிவு செய்கிறேன். அவருக்கு ஏறக்குறைய எழுபது சொற்கள் தெரியும்; அதிகம் புழங்குவது ‘வேணாம்’. கட்டைகளை ஆறு வரை அடுக்குவார். ஏழாவதை வைப்பதற்குள் தட்டிவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பார். கிரேயான் கொடுத்தால் கோடு இழுப்பார், பெரும்பாலும் சுவரில். கத்தரிக்கோல் பிடிக்க இன்னும் நாளாகும். புதிதாக எது வந்தாலும் வாயில் வைத்துப் பார்த்த பிறகே அனுமதிப்பார். இவையெல்லாம் அந்த வயதுக்கு உரிய வளர்ச்சிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து அங்குலப் பானையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அடுத்து, எடுக்கப்பட்ட நடவடிக்கை. மறுநாள் மாம்பலத்தில் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பானையா, மாடா, குடிசையா?” என்றார். வெவ்வேறு பள்ளிகளின் சுற்றறிக்கைகளைக் கையில் பிடித்தபடி என்னைப் போல நாலைந்து தாத்தாக்கள் நின்றிருந்தார்கள். எல்லாச் சுற்றறிக்கையிலும் பெற்றோர் உதவக் கூடாது. தாத்தாவைப் பற்றிப் பேச்சே இல்லை. விதியில் ஓட்டை வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

அன்றிரவு வீடு பட்டறையானது. மாப்பிள்ளை மென்பொருள் வல்லுநர். பானையின் வயிற்று வளைவை லேப்டாப்பில் வரைந்து கணக்குப் போட்டார். மகள் தெர்மாகோல் வெட்டினாள். குளூ கன் என் வசம் இருந்தது; அதற்கான கொப்புளம் இன்னும் ஆறவில்லை. என் மனைவி, “நிஜப் பானையே மச்சு மேல இருக்கே” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நாங்கள் கேட்கவில்லை. உரியவர் நடுநடுவே வந்து கை நீட்டினார். ஒவ்வொரு முறையும் நான்கு பேரும் ஒரே குரலில் “தொடாதே” என்றோம். ஒன்பதரைக்கு மேல் பொறுக்க முடியவில்லை. குழந்தை தன் கையாலேயே பானை செய்ய வேண்டியிருந்ததால், குழந்தையைத் தூங்க வைத்தோம்.

பதினொன்றரைக்குப் பானை நின்றது. ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. தூங்கிக்கொண்டிருந்தவரின் வலது கையை மெதுவாக எடுத்து, மஞ்சள் பெயின்ட்டில் தோய்த்து, பானையின் கழுத்தில் ஒரு பதிவு எடுத்தோம். பத்திர ஆபீஸில் கைநாட்டு வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் வாங்கிப் பார்த்தது இதுவே முதல் முறை.

இனி நீல அரிசி. பொங்கல், அரிசி வீடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்கிற பண்டிகை. அந்த நன்றியை அரைக் கிலோ அரிசிக்குச் சாயம் ஏற்றித் தட்டில் கொட்டி, சாயங்காலம் பெருக்கித் தள்ளிக் காட்டலாம் என்பது எங்கள் தாத்தாக்களுக்குத் தோன்றாமல் போயிற்று. மொச்சையை மட்டும் நான் அனுப்பவில்லை. இந்த ஓர் ஆணையை மீறியதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் பதினெட்டுப் பேர் நடுவில் காய்ந்த மொச்சையைப் பரப்பினால், முதலில் தொட்டு உணரப்போவது மூக்குதான். அதற்கடுத்த செயல்பாடு ஆஸ்பத்திரியில் நடக்கும்.

தங்கள் பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி முறை’ என்று கண்டிருக்கிறது. 1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்த மாண்டிசோரி அம்மையார், 1939-இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 69, இப்போது எனக்கு ஆகிற அதே வயது. யுத்தம் வரவே, 1946 வரை இந்த நாட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலைகள், குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, சிந்தியதைத் துடைப்பது போன்றவை. தன்னால் ஆகிற காரியத்தைப் பிள்ளை தானே செய்யட்டும் என்பது அவர் கட்சி. 69 வயதில் கடல் தாண்டி வந்து அவர் சொல்லிக் கொடுத்தது இது. அதே 69 வயதில் நான் கற்றுக்கொண்டது குளூ கன்.

செயல்வழிக் கற்றலும் நமக்குப் புதிதில்லை. நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அது வந்தபோது, பிள்ளை எட்டும் உயரத்துக்குக் கரும்பலகையைத் தாழ்த்தினார்கள். பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட வகுப்புக்குள் கம்பிப் பந்தல் கட்டினார்கள். கோணலும் மாணலுமாக இருந்தாலும் தொங்கியது பிள்ளையின் கைவேலை. தங்கள் கூடத்தில் நேர்த்தியான பதினெட்டுப் பானைகளைப் பார்த்தேன். மூன்றாவது பானை ஒரு சிவில் இன்ஜினீயரின் கைவண்ணம் என்று பார்த்ததுமே தெரிந்தது.

மிஸ்களைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தெர்மாகோல் மாடு வெட்டியவர்கள் அவர்கள். ஒரு மிஸ் தனியாக என்னிடம், “தாத்தா, பானை சூப்பர். பேனருக்கு போட்டோ வேணும்னு மேல கேக்கறாங்க, அதான்” என்றார். சம்பளம் என்னம்மா என்று கேட்டேன். சொன்னார். அதற்குமேல் எனக்குப் பேச வாய் வரவில்லை.

விழா நாளில் எங்கள் வீட்டவர் என்ன கற்றிருந்தார் என்பது தெரிந்தது. ஆங்கிலத்து இரண்டு வரி வரவில்லை. தம் பெயர் ஒட்டிய பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, கிட்டே வந்த பிள்ளைகளை எல்லாம் விரல் ஆட்டி, “தொடாதே!” என்று விரட்டிக்கொண்டிருந்தார். தங்கள் மதிப்பீட்டு அட்டையில் ‘தலைமைப் பண்பு: மிக நன்று’ என்று குறித்திருக்கிறீர்கள். நன்றி.

பொங்கலன்று காலையில் மனைவி மச்சிலிருந்து பானையை இறக்கிக் கழுவி, மஞ்சள் கொத்தைக் கட்டினாள். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. “வா கண்ணு, வந்து தொட்டுப் பாரு” என்றேன். குழந்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டி, “தாத்தா, தொடாதே” என்றது.

சுற்றறிக்கைக்கு எதிராக என்னிடம் இருக்கும் ஒரே சாட்சியம் இதுதான்.

ஆகவே, அடுத்த ஆண்டுக்குக் கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. பானை மாதிரிக்குப் பதில் பானையே வரட்டும். ஒரு சின்ன மண்பானை, ஒரு செம்பு, கொஞ்சம் தண்ணீர். ஊற்றட்டும், கொட்டட்டும், துடைக்கட்டும்.

2. ஆளுக்கொரு மஞ்சள் இலை. கிழித்து முகர்ந்து பார்க்கட்டும்.

3. போகிக் கொட்டு ஒன்று. அடிக்கட்டும். அக்கம்பக்கத்தார் புகாருக்கு நான் பதில் எழுதித் தருகிறேன்.

4. கரைத்த அரிசிமாவு ஒரு கிண்ணம், தரை, கை. வேறு எதுவும் வேண்டாம்.

5. மிஸ்கள் இரவில் தூங்கட்டும்.

தெர்மாகோல் பானை பரணில் இருக்கிறது. போகியில் அதையெல்லாம் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வதால், இக்கோப்பை முடிக்க வழி தெரியவில்லை. தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டால் ஒப்புகை தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாத்தா.

நகல்: மாப்பிள்ளைக்கு, தகவலுக்காக.

இணைப்பு: மாக்கோலத்தில் எடுத்த கைத்தடம் ஒன்று, அசல். மேற்படி குழந்தை விழித்திருந்தபோது, பாட்டி மாவுக் கிண்ணத்தில் தன் கையை முதலில் வைத்துக் காட்டிய பிறகு, வெகுநேரம் யோசித்துத் தானே வைத்தது. கோணலாக இருக்கும். திருத்த வேண்டாம்.