கிரெடிட் கார்டுக் கருமாதி: ஓர் ஆய்வுரை

கிரெடிட் கார்டுக்கு உடல் வேறு, உயிர் வேறு. உடலாவது, 85.6 மி.மீ. நீளமும் 53.98 மி.மீ. அகலமும் 0.76 மி.மீ. கனமும் உடைய பிவிசி தகடு. உயிராவது, வங்கிக் கணினியில் உறையும் கணக்கு. உடலை வெட்டினால் உயிர் போய்விடும் என்பது உலகாயதர் கொள்கை. மறு வருடம் ஆண்டுக் கட்டணம் 500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590 ரூபாய் கட்டச்சொல்லி ஸ்டேட்மென்ட் வரும்போது அக்கொள்கை அடிபட்டுப்போகும்.

பழைய கார்டை என்ன செய்வது என்பது குறித்துத் தமிழ்க் குடும்பங்களில் நிலவும் மரபுகளுள் தொன்மையானது காப்போர் மரபு. பீரோவின் உள்ளறையில், ரேஷன் கார்டுக்கும் கேஸ் புக்குக்கும் இடையே, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள். ஏன் என்று வினவினால் ‘கிடக்கட்டுமே’ என்பதே விடை. அதற்கு மேல் அவர்களிடம் உரை பெற முடியாது. தேதி முடிந்த கார்டு செத்த பாம்பு என்று இவர்கள் கருதுவது பிழை. பல வங்கிகள் புதுக் கார்டிலும் பழைய எண்ணையே தருகின்றன. தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும்தான் மாறும். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த பிறகும் பழைய கூட்டின்மேல் முகவரி அப்படியே இருக்கிறது என்க.

எரிப்போர் மரபு போகியன்று வெளிப்படும். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டையாக்சினும் வரும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தடுமாறின; அதில் கார்டுகளின் பங்கைப் பிரித்தறிய வழியில்லை. இம்மரபின் கிளையினர் இஸ்திரிப்பெட்டியால் காந்தப் பட்டையைத் தேய்ப்பர். 1960-களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி அட்டையில் காந்த நாடாவை ஒட்ட முடியாமல் தவித்தபோது, அவர் மனைவியின் இஸ்திரிப்பெட்டிதான் கைகொடுத்தது என்பர். பிறந்த இடத்திலேயே முடிப்பது நயமாகத்தான் இருக்கிறது. அடுத்து தேய்க்கும் வெள்ளைச் சட்டைதான் பாவம். ஃபிரிட்ஜ் காந்தத்தால் தேய்ப்பாரும் உளர். வங்கிக் கார்டின் பட்டை அதற்கெல்லாம் அசையாது. சிப்போ காந்தத்தைச் சிறிதும் பொருட்படுத்தாது.

எஞ்சுவது வெட்டுவோர் மரபு. ஆய்வாளன் சார்பும் இதுவே. இங்கு முதல் வினா, எந்தக் கத்தரி என்பது. வீட்டில் இரண்டு உண்டு: பால் பாக்கெட் வெட்டுவது, ஜாக்கெட் துணி வெட்டுவது. பின்னதைத் தொட்டாலே, ‘துணி வெட்டுற கத்திரியிலயா பிளாஸ்டிக்கை வெட்டறீங்க? மொக்கையாப் போயிடும்’ என்று அடுக்களையிலிருந்து மறுப்புரை எழும். முன்னது பாதி தூரம் போய்க் கடித்துக்கொண்டு நிற்கும். கார்டில் ஒரு வெள்ளைத் தழும்பு விழும், அவ்வளவுதான்.

இரண்டாம் வினா, எங்கே வெட்டுவது. நட்டநடுவே ஒரு வெட்டு வெட்டி இரண்டு பாதியையும் ஒரே குப்பைக்கூடையில் போடுவது வழக்கம். பொறுக்குபவர் சேர்த்து வைத்துப் படித்துக்கொள்ளலாம். பதினாறு இலக்கங்களில் முதல் ஆறு வங்கியைச் சுட்டுவன, ரகசியமே அல்ல; இப்போது அவை எட்டாகியும் வருகின்றன. கடைசி நான்கை ஒவ்வொரு கடை பில்லிலும் அச்சடித்துத் தருகிறார்கள். ஆக, மானம் காப்பது மிஞ்சிப்போனால் நடுவிலுள்ள ஆறு இலக்கங்களே. அவற்றுக்குப் பத்து லட்சம் வாய்ப்புகள் என்று மகிழ வேண்டாம். ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-ல் காப்புரிமை பெற்ற சரிபார்ப்புக் கணக்குப்படி, கடைசி இலக்கம் மற்றவற்றுக்குச் சாட்சி சொல்லும். வாய்ப்பு ஒரு லட்சமாகச் சுருங்கிவிடும். ஓர் இலக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவருக்கு லூன் எதிரி. அந்த ஒன்றைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஆதலின் நடு ஆறையும் பொடிப்பொடியாக்குக. தேதியையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் அவ்வாறே செய்க. பொடியில் பாதி இன்றைய குப்பையில், மீதி அடுத்த வாரக் குப்பையில்.

சிப்பைப் பற்றிச் சிறிது. பொன்னிறத் தகடு முழுவதும் சிப் அன்று. அதன் நடுவே அடியில் ஒளிந்திருக்கும் சிறு சிலிக்கான் துண்டே சிப். ஓரத்தைக் கிள்ளினால் அது பிழைத்துக்கொள்ளும். பின் எண் கேட்காமல் 5,000 ரூபாய் வரை தட்டிச் செலுத்த உதவுவது கார்டுக்குள் சுற்றியோடும் மெல்லிய கம்பி. அது எங்கே அறுந்தாலும் அந்த வித்தை நின்றுபோகும். சிப்பையோ குறுக்கே வெட்டியே தீரவேண்டும்.

உடல் முடிந்தது. உயிரைப் பிரிப்பதே இவ்வாய்வின் கடினமான பகுதி. முறைப்படி இது முதலில் வரவேண்டியது: பாக்கியை அடைத்து, ஓடிடிக்கும் மின்கட்டணத்துக்கும் தானாகப் போகும் பணத்தை மாற்றிவிட்டு, ரிவார்டு பாயின்ட்டுகளைத் தீர்த்துவிட்டு, பிறகே வங்கிக்குச் சொல்ல வேண்டும். சொன்னதும் நாடகம் தொடங்கும். சாவித்திரி எமன் பின்னால் போனது போல வாடிக்கைச் சேவைப் பெண் பின்னாலேயே வருவார். ‘சார், ஏன் சார் க்ளோஸ் பண்றீங்க? லைஃப்டைம் ஃப்ரீ பண்ணித் தர்றேன் சார். லிமிட் ஏத்தித் தரட்டுமா சார்?’ எமன் வரம் கொடுத்து ஏமாந்தான். இங்கே வரத்தை வாங்கிக்கொண்டு எமன் ஏமாறுகிறான். பாதிப் பேர் இந்தக் கட்டத்தில் கார்டோடு வீடு திரும்புகிறார்கள்.

திரும்பாதவர்க்கு ரிசர்வ் வங்கி துணை. அதன் நெறிமுறைப்படி, பாக்கி இல்லாத கணக்கை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கே தரவேண்டும். ‘தபாலில்தான் எழுதி அனுப்பணும்’ என்று அடம்பிடிக்கவும் கூடாது. ஓராண்டுக்கு மேல் தொடாத கார்டைப் பற்றி வங்கியே அறிவித்து, முப்பது நாளில் பதில் இல்லையேல், பாக்கி இல்லாத பட்சத்தில், மூடிவிடவேண்டும். காப்போர் மரபினருக்கும் நற்கதி உண்டு என்பது இதனால் பெறப்படும். கணக்கு மூடியதற்கு எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்வது நலம். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் செத்ததாகாது.

உலோகக் கார்டு வைத்திருக்கும் மேன்மக்கள் கத்தரியை எடுக்கவேண்டாம், கத்தரிதான் உடையும். திருப்பி அனுப்பும் வழியை வங்கியிடமே கேட்டுக்கொள்க.

எண்ணும் சிப்பும் இல்லாது எஞ்சிய துண்டால் கிரைண்டரில் ஒட்டிய மாவை வழிக்கலாமா என்ற வினாவில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாதுகாப்பு நோக்கில் தடையில்லை. தோசைக்கு ஆகுமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.