மரபு மாமா

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். கார்த்திகை பிறந்து, ஈசிஆர் ரோட்டோரக் கடைகளில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்ததும், "அந்தக் காலத்து கிறிஸ்துமஸ் மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடுவார். எந்தக் காலம் என்று கேட்டால் இன்னும் நீளமாக ஒன்று விடுவார்.

எங்கள் வீட்டில் அவர் மாமா. அவர் ஏங்குகிற அந்தக் காலம் எங்கள் ஊரான பொம்மையார்பாளையத்தில் நடந்ததல்ல. பனி கொட்டும் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில், மரவீட்டில், அவர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னால் நடந்தது. அதற்குச் சாட்சி யூடியூப். அதில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, தன் கொள்ளுப்பாட்டி செய்த மாதிரியே ரொட்டி சுடுகிறாள். மாமா அவளை "நம்ம பாட்டி" என்பார். பெற்ற தாயாரை, அதாவது எங்கள் ஆயாவை, "கெழவி" என்பார்.

இந்த வகை ஆட்களைக் கண்டுபிடிப்பது சுலபம். காதில் எந்நேரமும் இயர்போன் இருக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி நோட்டில் குறிப்பெடுப்பார்கள். பத்தாம் வகுப்பில் இதில் பாதி எழுதியிருந்தால் இன்று தாசில்தார். எதையும் 'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கடையில் வாங்கினால் டூப்ளிகேட். இரண்டாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி, வீட்டிலேயே செய்து, தூக்கிப் போட்டால் ஒரிஜினல்.

மாமாவின் மரபு மீட்பு முதலில் தீயில் தொடங்கியது. பத்து மணி நேரம் விறகு எரிகிற வீடியோ. எரிவதைத் தவிர அதில் வேறொன்றும் நடக்காது. கணப்பு இல்லாத அடுக்குமாடிக்காரர்களுக்காக நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிலையம் 1966 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆரம்பித்து வைத்த பழக்கம் அது. எங்கள் ஊரிலும் யார் வீட்டிலும் கணப்பு கிடையாது. அந்த விதத்தில் மாமா செய்தது நியாயம்தான். டிவியில் தீ திகுதிகுவென்று எரிய, தலைக்கு மேல் ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்ற, மாமா முண்டா பனியனோடு உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலையைக் காயப்போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் மாமா, இத்தினி நெருப்பு சும்மா போவுதே, ரெண்டு வவ்வா மீனு வாட்டிக்கலாமா?" என்றார்.

அடுத்து நட்சத்திரம். மூங்கிலைப் பிளந்து ஐந்து முனை கட்டி, கலர் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு என் தாத்தா தொங்கவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு அது போதவில்லை. ஜெர்மனியில் மொரேவியர் என்ற சபையார் நடத்திய பள்ளிக்கூடத்தில், 1830களில், பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரி சொல்லிக்கொடுக்கச் செய்த நட்சத்திரம் ஒன்று உண்டு. அதற்கு 26 முனை. மாமா மூன்று ராத்திரி கண்விழித்து அதைக் கட்டினார். எண்ணிப் பார்த்ததில் 23 முனை வந்தது. சிவப்புக் காகிதம் ஒட்டி வாசலில் மாட்டியதும் தெருப் பிள்ளைகள், "தாழம்பழம், தாழம்பழம்" என்று கூடிவிட்டார்கள். மறுநாள் கடற்காற்று அதை எடுத்துக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்பில் சேர்த்தது. கிழக்கிலிருந்து புறப்பட்டு மேற்கே போன நட்சத்திரம் என்ற வகையில் அது வேத வாக்கியத்துக்கு விரோதமில்லை.

பிறகு கேக். இதில் மட்டும் மாமா கொஞ்சம் ஊர்ப்பக்கம் வந்தார். புதுச்சேரியின் பழைய குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு 'விவிகம் கேக்' செய்வார்கள். மைதாவுக்குப் பதில் ரவை. கூடவே நெய், முந்திரி, ரம்மில் ஊறிய பழங்கள். ரம் புதுச்சேரியில் கிடைக்கும். ஆனால் நாங்கள் இருப்பது தமிழ்நாட்டில். நடுவில் சோதனைச் சாவடி. "பழம் ஊறப்போட சார்" என்று மாமா சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. அவர் முகம் அப்படி. பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தவரிடம் அத்தை வரிசையாகக் கேட்டாள்: "ரவை இருக்குது. நெய் இருக்குது. முந்திரி, திராட்சை இருக்குது. ரம் மட்டும்தான் இல்ல, அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப இதுக்குப் பேரு கேசரி. எழுந்திரிங்க, நான் கிண்டுறேன்."

குடில்தான் உச்சம். அசிசி நகர் பிரான்சிஸ் 1223ஆம் வருஷம் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில், நிஜ மாட்டையும் நிஜக் கழுதையையும் நிறுத்திக் குடில் போட்டார். அதைச் சொல்லும் வீடியோவைப் பார்த்த ராத்திரி மாமா தூங்கவில்லை. கழுதைக்குக் கிளியனூர் வரை ஆள் விட்டார்; கிடைக்கவில்லை. ஓர் ஆடு மட்டும் வந்தது. குடிலைச் சுற்றி வயல் மாதிரி இருக்கட்டும் என்று அத்தை பத்து நாளாகத் தண்ணீர் தெளித்துத் தட்டில் வளர்த்து வைத்திருந்த கேழ்வரகுப் பயிரை அது ஐந்து நிமிஷத்தில் அறுவடை செய்தது. சூசையப்பர் சுரூபத்தை ஒரு முறை நக்கிப் பார்த்துவிட்டுப் புழுக்கையும் போட்டது. "ஒரிஜினல்" என்றார் மாமா, பலவீனமான குரலில்.

ஆடு போனபின் பனி வந்தது. வீடியோக்களில் குடிலுக்குப் பஞ்சு தூவுகிறார்கள். மாமாவுக்குப் பஞ்சு டூப்ளிகேட். வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே மரக்காணம் போனார். மழைக்காலம், உப்புப் பாத்திகளெல்லாம் தண்ணீருக்கடியில். கோடையில் வாரிக் கீற்றுப் போட்டு மூடிவைத்த பழைய உப்பு கிடைத்தது. ஒரு மூட்டை வாங்கி வந்து, பிரவுன் பேப்பர் மலைமேல் கொட்டினார். ஒத்துக்கொள்ள வேண்டும், அன்று ராத்திரி சீரியல் பல்பு வெளிச்சத்தில் பெத்லகேம் மினுமினுத்தது. மாமா போட்டோ எடுத்து எழுபது பேருக்கு அனுப்பினார்.

காற்றில் ஈரம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீர் குடிக்கும். எங்கள் கடற்கரையில் மார்கழி ராத்திரிக் காற்று அதற்குக் குறைவது அபூர்வம். விடிந்து பார்த்தால் மலை நனைந்து உட்கார்ந்திருந்தது. மூன்று ராஜாக்களும் முழங்கால் வரை தண்ணீரில் நின்றார்கள். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பரவால்லடா, பனின்னா உருவத்தானே செய்யும்."

தளர்கிற ஆளா மாமா? அன்று மாலையே பழைய சைக்கிள் ரிம்மில் சவுக்குத் தழையைச் சுற்றி மெழுகுவத்தி நட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது?" என்றாள் ஆயா.

மாமா இயர்போனைக் கழற்றினார். அவர் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். "அட்வென்ட்டும்மா."

"அட்வான்சா?"

"அட்வென்ட்! 1839ல ஹாம்பர்க்ல விச்செர்ன்னு ஒரு போதகர் ஏழைப் பசங்களுக்கு விடுதி நடத்துனாரு. பசங்க தெனம், எப்ப கிறிஸ்துமஸ் வரும், எப்ப வரும்னு அரிச்சிக்கினே இருந்தாங்க. அவுரு ஒரு வண்டிச் சக்கரத்துல மெழுகுவத்தி வெச்சி, நாளுக்கு ஒண்ணு ஏத்தினாரு. எத்தினி பாக்கின்னு பசங்களே எண்ணிக்கிட்டாங்க."

ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "நாங்களும் அரிச்சோம். எங்கப்பாரு மரக்காணத்துல உப்பு வார்ற ஆளு. ஐப்பசில அளம் முழுகிடும், தை வரைக்கும் கூலி கெடயாது. பண்டிக வர்றதோ கையில காசு இல்லாத மாசத்துல. மேஸ்திரி அட்வான்சு குடுத்தா உளுந்து வாங்குவாரு, இல்லன்னா இல்ல. 'அட்வான்சு வந்துச்சா, அட்வான்சு வந்துச்சா'ன்னு தெனம் வாசல்ல நிப்போம்."

"உளுந்து எதுக்கு?"

"இட்லிக்குடா! அன்னிக்கி ஒரு நாளுதான் இட்லி. மத்த நாளு கேவுரு கூழு. நாலு பேருக்கு ஒரு கறித்துண்டு. அவ்ளோதான் பண்டிக."

மாமா நோட்டை எடுக்கவில்லை. மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் வாயைப் பிளந்து பார்க்கும் வீடியோக்களில் எதிலும் இட்லி வந்ததில்லை.

இருபத்து நாலாம் தேதி சாயந்திரம் ஆயா பிடிவாதமாக ஆட்டுக்கல்லைக் கழுவச் சொன்னாள். அத்தை ஆட்ட, ஆயா மாவைத் தள்ளிவிட்டாள். மாவு வழித்ததும் உப்பு தேடினாள். டப்பா காலி. எழுந்து போனாள். குடிலில் ஒரு ஆட்டுக்குட்டியை இரண்டு விரலால் ஓரமாக நகர்த்தினாள். மலையுச்சியில் கரையாமல் மிச்சமிருந்த பனியில் ஒரு கை அள்ளி மாவில் போட்டுக் கலக்கினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழிக் குளிரில் மாவு புளிக்காதே என்று அத்தை கவலைப்பட்டாள். ஆயா டிவியைப் பார்த்தாள். அது மூன்று நாளாக அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். குண்டானை அதன் பின்னால் ஸ்டூலில் வைத்து மூடினாள். "இந்தத் தீயால ஆவுற காரியம் இது ஒண்ணுதான்."

நடுச்சாமப் பூசைக்குப் புதுச்சேரி போய்த் திரும்பும்போது மணி இரண்டு. மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது.

காலையில் இட்லி பூவாக வந்தது. கறிக்குழம்பில் முக்கி மாமா ஒன்பது சாப்பிட்டார். பத்தாவதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. ஆயா, அத்தை, நான், எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"மாப்ள," என்றார் என்னிடம், "இதத்தான் நான் இத்தினி வருஷமா தேடிக்கினு இருந்தேன். யாராவது வீடியோ போட்டிருக்காங்களான்னு பாரு."