கோணேசபுரிப் பாங்கன்

தலைவியைக் கண்டு மெலிந்த தலைவனைக் கழறி, அதாவது இடித்துரைத்து, அவன் கேளாதபோது அவள் நிற்கும் இடத்தைத் தானே போய்ப் பார்த்து வந்து சொல்லும் தோழனை அகப்பொருள் இலக்கணம் பாங்கன் என்கிறது. அவனை நிமித்தமாகக் கொண்டவை பன்னிரண்டு என்று தொல்காப்பியக் களவியல் கணக்கிடுகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்த கோணேசபுரிப் பக்கத்து இன்றைய பாங்கனோ பன்னிரண்டோடு நிற்பவனல்லன்.

இவனது மெய்யியல் முழுவதும் 'சும்மா கதைக்கிறம்' என்ற தொடரில் அடங்கும். கதைத்தல் என்பது ஈழத்துப் பேச்சில் பேசுதல்தான் என்றாலும், ஒருவனும் ஒருத்தியும் இரவு பதினொரு மணிக்குமேல் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது, அது காதலுக்குச் சற்று முந்தியதும் கேட்டால் மறுத்துவிடக் கூடியதுமான ஓர் உறவைச் சுட்டும். அந்நிலையிலிருந்து நண்பன் ஓரங்குலம் நகர்வதையும் பாங்கன் பொறுக்கமாட்டான். மாலையில் டச்சு வளைகுடாக் கரையில் அமர்ந்து, நண்பனின் கைப்பேசியைப் பறித்து, "உடனே பதில் போடாதை மச்சான், அலையிறான் எண்டு நினைப்பாள்" என்று தடுத்து, அவன் பாடுபட்டு எழுதிய 'கவனமாப் போங்கோ' என்பதை எழுத்தெழுத்தாக அழித்து, வெறும் 'ம்' ஆக்கி அனுப்புவான். கோட்டையிலிருந்து இறங்கி வந்த புள்ளிமான் ஒன்று கடலைச் சுருளின் காகிதத்தைத் தின்று முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

கோணேசர் கோயிலுக்கு அவளோடு போவது கூடாது என்பது அவனது அடுத்த விதி. கோட்டை வாசலுக்கும் கோயில் வாசலுக்கும் இடையில் மாமி ஒருத்தியாவது எதிர்ப்படுவாள், பிறகு 'சும்மா' என்ற சொல் செல்லாது. போதாததற்கு, காதலனின் கப்பல் போவதைக் கண்டு 1687இல் அக்கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து பாய்ந்ததாகச் சொல்லப்படும் ஒல்லாந்துப் பெண் பிரான்சினாவின் கதையையும் எச்சரிக்கையாகச் சொல்வான். அவள் பின்னர் மறுமணம் செய்து வாழ்ந்ததாகக் கூறுவோரும் உளர். அப்பகுதி பாங்கனுக்குப் பயன்படாது.

எல்லோரும் 'சும்மா'தான் பழகுகின்றனர், உள்ளூர உருகுவது தான் மட்டுமே என்று ஒவ்வொருவனும் தனித்தனியே நம்பும் மயக்கத்தைச் சமூக உளவியலார் பன்மை அறியாமை என்பர். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலும், பிடிப்பில்லாத உறவுகளில் தம்மைவிடப் பிறரே கூச்சமின்றி இருப்பதாக மாணவர்கள் மதிப்பிட்டிருந்தனர். பாங்கனைப் பார்த்து நண்பர்கள் நம்புவதும் இதையே. ஆனால் இருட்டியபின் அவனது கைப்பேசி அதிர்ந்தால், முதல் அதிர்விலேயே எடுத்து, "அம்மா" என்று சைகை காட்டி, இருபதடி தள்ளிப் போய், பெருவிரலால் மணலைக் கீறியபடி அவன் தாழ்ந்த குரலில் கதைப்பான், காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாட்களில், "பஸ் வந்திட்டுதா? கவனமாப் போங்கோ" என்பது தெளிவாகவே கேட்கும்.