பஞ்சத்துக்குப் பதில் தேடிப் பட்டாம்பூச்சி பிடித்த கதை

சித்திரை மாசம். மத்தியானம் ரெண்டு மணி. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். தலையில் கர்ச்சீப், கையில் காலியான ஜிகர்தண்டா கிளாஸ். அப்போது ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, மேல வாங்க, சூரியனை இன்னும் நல்லாப் பார்க்கலாம்" என்று கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? நாமாக இருந்தால் கையை ஓங்குவோம். பிரிட்டிஷ் சர்க்கார் பட்ஜெட் ஒதுக்கியது.

வேடிக்கை என்னவென்றால், கொடைக்கானல் என்கிற ஊர் பிறந்ததே வெயிலுக்குப் பயந்துதான். மதுரையில் ஊழியம் செய்ய வந்த அமெரிக்க மிஷன்காரர்கள், சூடும் காய்ச்சலும் தாங்காமல் 1845-ல் மலை மேல் இரண்டு பங்களா கட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சன்னி சைடு'. கடன்காரனுக்குப் பயந்து ஊர் மாறினவர் புது வீட்டு வாசலில் 'லட்சுமி கடாட்சம்' என்று போர்டு மாட்டுவாரே, அந்த மாதிரி.

அப்படிப்பட்ட மலைக்குச் சூரியனைப் பார்க்க ஏன் ஏறவேண்டும்? எல்லாம் தாது வருஷப் பஞ்சம் செய்த வேலை. 1876-ல் மழை பொய்த்தது. மதுரைச் சீமை உட்படத் தென்னாடே வற்றிப்போனது. இரண்டு வருஷத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்திருப்பார்கள் என்பது கணக்கு. இந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரி 1 அன்று டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாக்கி விருந்து வைத்துக்கொண்டிருந்தார். துறைமுகங்களில் தானியம் பாட்டுக்குக் கப்பலேறியது. யார் தப்பு என்று விசாரித்தால் ரொம்பப் பேருக்குச் சங்கடம். நல்லவேளை, ஒரு குற்றவாளி அகப்பட்டான். ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் குடியிருப்பவன். மறுத்துப் பேசவே மாட்டான்.

சூரியன்தான்! அவன் முகத்தில் கரும்புள்ளிகள் வந்து வந்து போகும். நம்மூர்ப் பஞ்சாயத்தில் குற்றம் ருசுவான பிறகுதான் கரும்புள்ளி செம்புள்ளி குத்துவார்கள். இங்கே புள்ளி முன்னாடியே ரெடி. குற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாக்கி.

இந்தப் புள்ளிகளுக்கு ஒரு சுற்று உண்டு என்று கண்டுபிடித்தவரே வேறு வேலையாகப் போனவர். ஷ்வாபே என்ற ஜெர்மன் மருந்துக்கடைக்காரர், சூரியனுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு கிரகத்தைப் பிடித்தே தீருவது என்று 1826-லிருந்து தினமும் சூரியனைப் பார்த்தார். பதினேழு வருஷம்! கிரகம் சிக்கவில்லை. புள்ளிகள் ஏறக்குறையப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவதுதான் சிக்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காவது உலக வழக்கம். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரைக் கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான்.

இப்போது மேடைக்கு வருகிறார் வில்லியம் ஹண்டர். இந்திய சர்க்காரின் புள்ளிவிவரத் தலைவர். புள்ளிவிவரக்காரர் கையில் புள்ளி கிடைத்தால் விடுவாரா? சென்னையின் மழைக் கணக்கை 1813-லிருந்து எடுத்தார். புள்ளிச் சுற்று பதினோரு வருஷம் என்று வைத்துக்கொண்டு, வருஷங்களைப் பதினோரு பதினோராகக் கட்டுக் கட்டினார். சூரியனில் புள்ளி குறைந்த வருஷங்களில் சென்னையிலும் மழை குறைவு என்று அறிவித்தார். மொத்தம் அறுபத்துச் சொச்சம் வருஷக் கணக்கு. அதாவது ஆறு சுற்றுகூட முழுசாகத் தேறாது. ஆறு தடவை காசு சுண்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்குத் தலை மேலதான் ஆசை" என்று முடிவுகட்டின மாதிரி. நம் பஞ்சாங்கம் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று சொன்னால் மூடநம்பிக்கை. அதையே கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

ஹண்டருக்கு லண்டனிலிருந்து ஒரு ஜோடி கிடைத்தார்: நார்மன் லாக்யர், 'நேச்சர்' பத்திரிகையின் ஆசிரியர், பெரிய சூரிய விஞ்ஞானி. இரண்டு பேருமாகச் சேர்ந்து கரும்புள்ளியும் பஞ்சமும் பற்றி 1877-ல் கட்டுரை எழுதினார்கள். பஞ்சம் வருமுன்னே தெரிய வேண்டுமா? சூரியனைத் தினமும் படம்பிடிக்கவேண்டும். படம்பிடிக்க என்ன வேண்டும்? சூரிய விஞ்ஞானிகள் வேண்டும். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அதே பஞ்சத்தில் மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி, இருந்த சொத்தையெல்லாம் விற்று ஊருக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள் என்று இன்றும் சொல்வார்கள். அந்த அம்மாள் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள். அதனால்தானோ என்னவோ, எந்தக் கமிட்டியும் அவளிடம் யோசனை கேட்கவில்லை.

சூரியனைப் பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம் பற்றி முடிவெடுக்கும் கமிட்டி கூடியது லண்டனில், 1893 ஜூலை 20-ல். தலைவர் யார் தெரியுமா? சாட்சாத் கெல்வின் பிரபு! சூரியனுக்கு வயசு சில கோடி வருஷத்துக்கு மேல் இருக்காது என்று கணக்குப் போட்டு அடித்துச் சொன்னவர். நிஜ வயசு சுமார் 460 கோடி. ஆளின் வயசிலேயே நானூறு கோடிக்கு மேல் கோட்டைவிட்டவர் தலைமையில், அந்த ஆள் அடுத்து என்ன செய்வான் என்று கண்டுபிடிக்கக் கொடைக்கானலில் ஆராய்ச்சிக்கூடம் கட்டுவதாக முடிவாயிற்று. அது முறைப்படி தொடங்கிய தேதி 1899 ஏப்ரல் 1. தேதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மைக்கி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பழனி மலை, நீலகிரி எல்லாம் சுற்றிப் பார்த்துச் சிபாரிசு செய்த இடம் அது. கடல் மட்டத்துக்கு 2,343 மீட்டர் மேலே; தூசி கிடையாது. இன்றைய காட் ரோடும் அப்போது கிடையாது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறக்கிய கண்ணாடியும் இரும்பும், மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து குதிரைத் தடத்தில் மேலே போகவேண்டும். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பூட்டினார்கள், துடைத்தார்கள், சூரியனை நோக்கித் திருப்பினார்கள். மேகம் வந்து மூடிக்கொண்டது. மழை ஏன் வரவில்லை என்று கேட்கப் போன இடத்தில், மழைக்காலம் முழுக்க மழைத் தொல்லை!

இருந்தாலும் வெயில் அடித்த நாளையெல்லாம் விடவில்லை. 1850-ல் பாரிஸில் செய்த ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்று சென்னையில் இருந்தது. அதை மலையேற்றி, 1904-லிருந்து தினம் ஒரு சூரியன் பிடித்தார்கள். கண்ணாடித் தட்டில் இருபது சென்டிமீட்டர் அகலத்துக்கு விழும் படம். நம் கடை ஊத்தப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே கருகின வெங்காயம் மாதிரி இருப்பதுதான் கரும்புள்ளி. ஒரு வெங்காயத் துண்டுக்குள் நம் பூமியையே போடலாம் என்பது வேறு விஷயம். நாம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஃபோன் மாற்றுகிறோம், கேமரா சரியில்லையாம்.

இதற்கிடையில் மேலிடத்தில் ஒரு விபரீதம். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார் கில்பர்ட் வாக்கர். கொடைக்கானலும் அந்தத் துறையின் கீழ்தான். வாக்கர் கேம்பிரிட்ஜ் கணக்குப் புலி. பூமராங் எறிவதிலும் புல்லாங்குழலிலும் பைத்தியம். வானிலை மட்டும்தான் தெரியாது. அவர் குமாஸ்தாக்களை வரிசையாக உட்காரவைத்து, ஊர் ஊராக, வருஷம் வருஷமாக மழையையும் புள்ளியையும் ஒப்பிடச் சொன்னார். விடை: சம்பந்தம் இருப்பதாகச் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. தேடித் துழாவியதில், நம் மழையின் லகான் பசிபிக் சமுத்திரத்துப் பக்கம் ஆடும் ஒரு காற்றழுத்த ஊஞ்சலில் இருப்பது தெரிந்தது. இன்று எல் நினோ என்கிறோமே, அதன் கூட்டாளி. 1877-ல் வந்தது சரித்திரத்திலேயே பெரிய எல் நினோக்களில் ஒன்று. ஆக, திருடன் கடலில் இருந்தான். போலீஸ் மலை மேல் ஏறி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நியாயப்படி கடையை மூடியிருக்கவேண்டும். சர்க்கார் ஆபீஸுக்கு ஒரு மகிமை உண்டு: ஆரம்பித்த காரணம் செத்தாலும் ஆபீஸ் சாகாது. இந்த ஒரு தடவை அதற்காக ஒரு கும்பிடு போடலாம்.

ஏனென்றால் 1907-ல் அங்கே ஜான் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். கூடவே மனைவி மேரி. இவர் சூரியனை ஆராய, அந்த அம்மாள் கவிஞர் தாந்தே காட்டிய வானத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தாந்தே நரகத்தைப் பாடினவர் என்பது ஞாபகம் இருக்கட்டும். வீட்டில் சூட்டுக்குக் குறைவில்லை. அப்போது உலகமே கரும்புள்ளியை ஒரு சுழல்காற்று என்று நம்பியது. அமெரிக்காவில் ஹேல் என்ற விஞ்ஞானி எடுத்த படங்களில் புள்ளியைச் சுற்றிச் சுருள் சுருளாகத் தெரிந்ததே! 1909 ஜனவரி 5 அன்று எவர்ஷெட் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். வாயு நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். பரோட்டா மாஸ்டர் வீசுகிற மாவு மாதிரி சுழல்கிறதா என்று பார்க்கப் போனால், கல்லில் ஊற்றிய ஊத்தப்ப மாவு மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவிக்கொண்டிருந்தது! இன்றும் உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது. ஹேலின் படம் பொய்யில்லை. அதில் சுழல்காற்றைப் பார்த்தது படமில்லை, கண்.

கண் இப்படித்தான். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பே ஒரு கம்ப்யூட்டர் காரியத்தில் இறங்கியிருந்தது. கம்ப்யூட்டர் என்றதும் பெட்டியை நினைக்காதீர்கள்; அன்றைக்கு அது மனுஷர் பார்த்த உத்தியோகம். கிரீன்விச் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆன்னி என்ற பெண் 'கம்ப்யூட்டராக' இருந்தார். அங்கேயே வேலை பார்த்த மாண்டரைக் கல்யாணம் செய்துகொண்டதும் வேலை போயிற்று. கல்யாணமான பெண்ணுக்கு ஆபீஸில் இடமில்லையாம். சரி என்று புருஷனும் மனைவியுமாக, ஒவ்வொரு புள்ளியும் எந்த வருஷம், எந்த அட்சரேகையில் வந்தது என்று காகிதத்தில் குறித்துக்கொண்டே போனார்கள். 1904-ல் காகிதத்தில் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது! சுற்றின் ஆரம்பத்தில் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் தள்ளித் தோன்றும். வருஷம் போகப் போக நடுவுக்கு நெருங்கும். இரண்டு றெக்கை, பதினோரு வருஷத்துக்கு ஒரு பூச்சி. கம்ப்யூட்டரை வீட்டுக்கு அனுப்பியதால் கிடைத்த கிராஃபிக்ஸ் இது.

கொடைக்கானலின் கண்ணாடித் தட்டுகள் இப்போது நிஜக் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டன. லட்சத்துக்கும் மேல் படங்கள். ஒரு படத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பிக்ஸல். சூரியன் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் இருக்கும்; முதலில் அதைச் சமன் செய்யவேண்டும். தலைகீழாக இருக்கும் தட்டைத் திருப்பவேண்டும். தப்பான தேதி எழுதியிருந்தால் பிடிக்கவேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னும் ஒருவருக்குத் திங்கட்கிழமை காலை தூக்கம் வந்திருக்குமல்லவா? பிறகு ஒவ்வொரு நாள் படத்தின் நடுவிலிருந்தும் ஒரு கீற்று வெட்டி வரிசையாக ஒட்டினால், இருபத்தேழு நாளில் உருண்டைச் சூரியன் பாயாகச் சுருள் பிரியும். பாய்களை வருஷக்கணக்கில் அடுக்கினால், அதே பட்டாம்பூச்சிகள் வரிசையாகப் பறக்கும்.

ஆனால் பெட்டிக் கம்ப்யூட்டரும் நம் வளர்ப்புதானே? சாம்பல் நிறத் தட்டுக்கு ஆரஞ்சு அடிப்பதும் நாம்தான். இரண்டு நிறத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், மெதுவாக இறங்குகிற சரிவுகூடச் சுவர் மாதிரி தெரியும். ஹண்டர் வருஷங்களைக் கட்டுக் கட்டினார். நாம் வண்ணங்களைக் கட்டுகிறோம். அவருக்கு மவுஸ் மட்டும்தான் இல்லை.

நினைத்துப் பாருங்கள். மழையைத் தேடினவருக்குச் சூரியன் வாயே திறக்கவில்லை. சுழலைத் தேடினவர்களைச் சுற்றவிட்டது. ஒன்றும் கேட்காமல், வெயில் வந்ததும் மூடியைத் திறந்து, தட்டை மாட்டி, தேதி எழுதிவைத்த பெயர் தெரியாத உதவியாளர்களிடம் நூறு வருஷக் கதையையும் சொல்லிவிட்டது.

ஆகவே அடுத்த தடவை ஆரப்பாளையத்தில் அந்த ஆள் கூப்பிட்டால் கையை ஓங்காதீர்கள். வத்தலக்குண்டு வழியாகப் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். மழை வருமா என்று மட்டும் அங்கே கேட்கவேண்டாம். பேசாமல் குடை எடுத்துக்கொண்டு போங்கள்.