கோம்பி பொயிலரும் கூவல் மரபும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஆய்வின் தேவை

பிரித்தானியத் தமிழரின் கோயில்களைப் பற்றி ஆய்வேடு உண்டு. அவர்கள் பிள்ளைகளின் தமிழைப் பற்றியும் உண்டு. ஆனால் தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கும் தமிழர்மேல் சனவரி மாதக் காலையில் திடீரெனப் பச்சைத்தண்ணீர் கொட்டுவது ஏன் என்பதை முறைப்படி ஆராய்ந்தார் இலர். இக்குறையை நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதுவரை எவரும் தொடாத தலைப்பு என்பதே ஆய்வுக்கு முதல் தகுதி. ஏன் தொடவில்லை என்று கேட்பது மரபன்று.

முன்னோர் ஆய்வுகள்

குளியலறையிலேயே உடனுக்குடன் நீரைச் சுடவைக்கும் 'கீஸர்' கருவியை லண்டனில் 1868-இல் ஆக்கியவர் பெஞ்சமின் வாடி மோகன். எழுத்துக்கூட்டி வாசித்தால் அப்படித்தான் வருகிறது. எனவே அவர் பூர்வீகம் காங்கேசன்துறையா கும்பகோணமா என்று நிறுவும் கட்டுரை எந்நேரமும் வெளிவரலாம். அதற்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

பொருள் விளக்கம்

கோம்பி பொயிலருக்குத் தண்ணீர்த் தொட்டி கிடையாது. வெந்நீர்ப் பைப்பைத் திறந்ததும் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, தண்ணீர் ஓடுகிறது என்று தகவல் கொடுக்கும். காஸ் பற்றிக்கொள்ளும். டைவேர்ட்டர் வால்வு என்னும் மூவழிக் கதவு, ரேடியேற்றர்களுக்குப் போகும் சுடுநீரைத் தகட்டு வெப்பமாற்றி பக்கம் திருப்பிவிடும். அங்கே மெல்லிய எஃகுத் தகடுகளின் ஒரு புறம் பொயிலரின் சுடுநீர், மறுபுறம் தெருக்குழாயிலிருந்து வரும் குளிர்நீர். சீதனப் பேச்சில் இரு வீட்டாரும் முகம் பாராமல் தரகர் வழியாகவே காரியத்தை முடிப்பதுபோல, தண்ணீர் இரண்டும் கலவாமல் சூடு மட்டும் கைமாறும். (கையேடு, பாவனையாளர் பகுதி, பக். 14, தேத்தண்ணிக் கறைக்கு மேலே தெரியும் அளவுக்கு.)

நோய் வகைப்பாடு

தமிழ் மரபுப்படி ஐந்தாகப் பகுத்தேன். ஆறாவது ஒன்று வந்து நின்றதால் அதைப் புறனடையில் வைத்தேன்.

முதலாவது, வெந்நீரும் இல்லை, ஹீற்றிங்கும் இல்லை. காஸ் மீற்றரில் காசு இருக்கிறதா என்று பார்க்கவும்.

இரண்டாவது, அழுத்தக் குறைவு. பொயிலரின் முகத்திலோ அடியிலோ ஒரு சிறு வட்டமுள் இருக்கும். பொயிலர் ஆறியிருக்கையில் அது 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். மிகவும் இறங்கினால் பல பொயிலர்கள் பற்றவே மறுக்கும். கீழே வெள்ளிப் பின்னலிட்ட குழாயில் உள்ள சிறு திறப்புகளைத் திருப்பினால் தெருத்தண்ணீர் உள்ளே ஏறி முள் நிமிரும். முள் நிமிர்ந்ததும் மூட வேண்டும். மூட மறந்தால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவரில் தண்ணீர் ஒழுகும். வாராவாரம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது விரிவுக் கலத்தில் காற்றுப் போய்விட்டது. "அண்ணை, அந்தச் சின்னத் திறப்பைத் திருப்பிப் பாத்தனீங்களோ?" என்பது இத்துறையின் மூல வாக்கியம். (பக்கத்து வீட்டார், வேலிமேல் உரை, திருத்திய மூன்றாம் பதிப்பு. முன்னிரு பதிப்புகளை அவரே மறுத்துவிட்டார்.)

மூன்றாவது, உறைபனி. இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் காஸ் பொயிலர்கள், சில விதிவிலக்குகள் தவிர, புகையின் ஈரத்தையும் நீராக்கிச் சூட்டைப் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும். அந்த ஈரம் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். குழாய் சுவருக்கு வெளியே ஓடினால் கடுங்குளிரில் உறையும். பொயிலர் களகளவென்று குறட்டை விட்டுப் பின் வாய்மூடும். குழாயின்மேல் இளஞ்சூட்டு நீர் ஊற்றலாம், கொதிநீர் கூடாது.

நான்காவது, ஒரே ஒரு பைப்பில் மட்டும் வெந்நீர் இல்லை. குற்றவாளி அந்தப் பைப்.

ஐந்தாவது, சுண்ணாம்பு. இங்கே ஆய்வுலகம் இரு பள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறது. லண்டன் பள்ளியார் குடிப்பது சுண்ணப்பாறை வழியே ஊறிவரும் கடின நீர். கேத்திலைத் திறந்து பார்த்தால் அடியில் வெள்ளை ஓடு படிந்திருக்கும், தேத்தண்ணியின் மேல் செதில் மிதக்கும். அதே ஓடு வெப்பமாற்றியின் தகடுகளிலும் படியும். சூடு கைமாற முடியாமல் பொயிலர் தன் சூட்டிலேயே வெந்து அணையும், ஆறிப் பற்றும், மறுபடி அணையும். குளிப்பவருக்கு அது சுடுநீர், பச்சைத்தண்ணீர், சுடுநீர் என்று முறைவைத்து வரும். கிளாஸ்கோப் பள்ளியாரோ இதெல்லாம் லண்டன்காரரின் கற்பனை என்கிறார்கள். அவர்களுக்கு 1859 முதல் லொக் கத்ரீன் ஏரியின் மென்னீர் வருகிறது. (கிளாஸ்கோ மச்சான், வட்ஸ்அப் குரல்செய்தி, இரண்டாம் நிமிடம், பின்னணியில் குக்கர் விசில். விசிலுக்குப் பிந்தைய பகுதி இடைச்செருகல் என்பது என் துணிபு.) இரு பள்ளியாரும் தத்தம் கேத்திலைத் தவிர வேறு கேத்திலைத் திறந்து பார்த்ததில்லை. ஆய்வாளர் இருவர் பல்லாண்டு முரண்பட இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

கூவல் இலக்கியம்

இக்கட்டுரையின் தலையாய பங்களிப்பு இதுவே. ஐந்து வகை நோயும் இல்லாத நல்ல பொயிலர் வீட்டிலும் கூவல் எழும் என்பதால் இதைத் தனித்துறையாகக் கொள்ள வேண்டும்.

காரணம் கணக்கில் உள்ளது. 24 கிலோவாட் பொயிலர் குளிர்நீரின் வெப்பத்தை 35 பாகை உயர்த்தினால் நிமிடத்துக்குப் பத்து லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். மேலே ஒருவர் குளிக்க, கீழே ஒருவர் தாச்சி கழுவ, அந்தப் பத்தும் பங்கு பிரிகிறது. மேல்மாடிக்கும் சமையலறைக்கும் நடுவே மரத்தரை, பூட்டிய கதவு, ஈரக்காற்றை இழுக்கும் விசிறியின் இரைச்சல். இவற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கும் மனிதக் குரலே கூவல்.

கூவல் மூன்று காலத்தது. முற்கூவல், "நான் குளிக்கப் போறன், ஒருத்தரும் பைப்பத் திறக்காதேங்கோ" என்பது. அறிவிப்பு வடிவினது. கேட்டார் எவருமிலர். இடைக்கூவல் நுரைக்காலத்தது. "ஆரது கீழ?" என வினா வடிவில் வரும், விடை வேண்டாதது. பிற்கூவல் துவாயோடு படிக்கட்டின் தலைப்பில் நின்று நிகழ்த்தப்படுவது. இதில் கீழே இருப்பவரின் பரம்பரை பற்றிய குறிப்புகள் மிகுதி. வரலாற்றாசிரியர்க்கு ஆகும், இங்கே ஆகாது.

நம் வீட்டில் ஒரு ஞாயிறு காலை மேலிருந்து இறங்கிய இடைக்கூவல் சிதைந்த நிலையில் கிடைத்தது: "பைப்ப நிப்பாட்டா…" மிச்சத்தை விசிறி தின்றுவிட்டது. அவ்வேளை நான் இறைச்சி காய்ச்சிய தாச்சியோடு தொட்டியடியில் நின்றேன். பாடியவர் என் மனைவி. பாடம் எது?

மாமியார் பள்ளி "நிப்பாட்டாட்டி" என்று கொள்ளும். அதாவது, நிப்பாட்டாவிட்டால் இறங்கி வந்து என்ன செய்வேன் என்ற அச்சுறுத்தலின் முதற்பாதி. இதற்குச் சான்று வலுவானது: பங்கு பிரிந்ததால் மேலே நீர் ஆறியிருக்கும். மைத்துனர் பள்ளி "நிப்பாட்டாதேங்கோ" என்று கொள்ளும். அதற்கும் சான்று உண்டு: கீழ்ப்பைப்பைச் சட்டென்று மூடினால் பொயிலரின் சுவாலை தணியச் சில நொடி ஆகும், அதுவரை முழுச் சூடும் மேலே உள்ளவரின் முதுகில் இறங்கும். முன்பு அவ்வாறு நடந்ததை உரை மரபு பதிவுசெய்துள்ளது. (மாமியார், சோபா உரை, காலைப் பகுதி. அதற்கு மறுப்பாக மைத்துனர், மாடிப்படி மூன்றாம் படி, வாய்மொழி, கையில் பற்தூரிகை. மறுப்புக்கு மறுப்பாக மாமியார், அதே சோபா, ஆனால் வேறு மனநிலை. மூன்றையும் ஒப்புநோக்கிப் பக்கத்து வீட்டார் பிழிந்து தந்த சாரம், வேலிமேல் உரை, நான்காம் பதிப்பு, அச்சில்.)

உள்ளே இருப்பவரையே கேட்கலாமே என்று மகள் சொன்னாள். ஆசிரியரின் கருத்து உரைக்குச் சான்றாகாது என்று அவளுக்கு விளக்கினேன். ஆசிரியரும் அந்நேரம் நேர்காணலுக்கு இசையும் நிலையில் இல்லை.

கிளைப்பொருளாகத் திருகல் கோட்பாடு ஒன்றும் உண்டு. நீர் சூடு போதாது என்று குளிப்பவர் பைப்பைக் குறைப்பார். மெதுவாக ஓடினால் அதிகம் சுடும் என்பது சரியான தருக்கமே. ஆனால் ஓட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றருக்குக் கீழே போனால் பல பொயிலர்களில் அந்தச் சின்னச் சக்கரம் தண்ணீர் ஓடுவதாகவே எண்ணாது, நெருப்பு அணையும். சரியான தருக்கம் பிழையான முடிவைத் தருவது நம் துறைக்குப் புதிதன்று. எனவே விரிக்கவில்லை.

புறனடை

ஆறாவது, டைவேர்ட்டர் வால்வு. கதவு ரேடியேற்றர் பக்கமே சிக்கிக்கொண்டால் வீடு சுடும், பைப் குளிரும். பாதியில் சிக்கினால் கோடைகாலத்தில், ஹீற்றிங் நிற்கையில், வெந்நீர்ப் பைப்பைத் திறக்கும்போதெல்லாம் ரேடியேற்றர் காரணமின்றிச் சுடும். பைப்பில் வருவது மந்தமான இளஞ்சூடு.

இவ்விடத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. பொயிலரின் மூடியைக் கழற்றிக் காஸ் பகுதியைத் தொடுவது 'காஸ் சேஃப்' பதிவு உள்ளவரின் வேலை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. அந்தப் பதிவு 2009-இல் பழைய 'கோர்கி'யின் இடத்துக்கு வந்தது. வந்த நாள் ஏப்ரல் 1 என்பதால் சில மாமாமார் இன்னமும் நம்பாமல், வீட்டுக்கு வருபவரிடம் கோர்கி அட்டையைக் கேட்கிறார்கள்.

களஆய்வில் ஏற்பட்ட இடையூறு

கட்டுரை இந்த அளவில் இருக்கையில், என்னைக் கேளாமல் வீட்டார் ஓர் இஞ்சினியரை அழைத்துவிட்டனர். அவர் ஹீற்றிங்கை நிறுத்தினார், வெந்நீரைத் திறந்துவிட்டார், பொயிலரின் அடியில் இறங்கும் குழாய்களில் ரேடியேற்றருக்குப் போவதன்மேல் உள்ளங்கையை வைத்தார். அது சுட்டது. "டைவேர்ட்டர்," என்றார். கூவலின் பாடபேதத்தைப் பற்றி நான் கேட்டபோது தன் வாகனத்திலிருந்து உதிரிப்பாகம் எடுத்துவரப் போய்விட்டார். அவர் தந்த பில்லில் வால்வு, கூலி, வரி என்று மூன்று வரிகள். மேற்கோள் ஒன்றுகூட இல்லாததால் அதை ஆய்வேடாகக் கொள்ள முடியவில்லை.

வால்வு மாறியதோடு என் களமும் அழிந்தது. தரவு திரட்ட வேறு வீடு தேவைப்படுகிறது. ஹாரோ, ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தில் வெந்நீர் மந்தமாக வரும் குடும்பத்தார், எவரையும் அழைத்துப் பழுதுபார்க்குமுன் எனக்கு அறிவிக்கவும். முடிவுகள் அடுத்த ஆண்டு கருத்தரங்கில் படிக்கப்படும். கிளாஸ்கோ மச்சான் இணையவழி வணக்கம் சொல்ல இசைந்துள்ளமையால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு. மலரில் கட்டுரை இடம்பெறக் கட்டணம் உண்டு.