கண்ணில் படாத நரம்பும் கண்ணைப் பறிக்கும் ஃபிளையும்: ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஒன்பதடி நரம்பு நுதலிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பியூஜெட் சவுண்ட் என்றொரு உள்கடல் உண்டு. ஆகஸ்ட் பிறந்துவிட்டால், விடியுமுன்னே இடுப்பளவு உப்புநீரில் இறங்கி நின்று சால்மன் மீனுக்கு ஃபிளை என்னும் போலி இரையை வீசும் கூட்டமும் அங்கே உண்டு. தடித்த வீச்சுக் கயிற்றுக்கும் ஃபிளைக்கும் நடுவில் முடியப்படுவது லீடர். அதன் கடைசி இரண்டு மூன்று அடி டிப்பெட். அந்த டிப்பெட் நைலானாக இருக்கவேண்டுமா, ஃபுளோரோகார்பனாக இருக்கவேண்டுமா என்பதில் இக்கூட்டத்தார் கொண்டுள்ள பகை, சம்பந்திச் சண்டைக்குச் சற்றும் குறைந்ததன்று. பஞ்சாயத்து செய்ய ஆளில்லாத குறையை இவ்வாய்வு போக்கும்.

முதலில் முன்னோர் கூற்று. 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று, குதிரைவால் மயிரை நீரின் நிறத்துக்கேற்பச் சாயம் தோய்க்கச் சொல்கிறது. ஆக, மீன் நரம்பைப் பார்த்துவிடுமோ என்ற கவலைக்கு வயது ஐந்நூறுக்கு மேல். பின்னர் ஸ்பெயின் நாட்டு முர்சியாவில், கூடு கட்டவிருக்கும் பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச்சுரப்பியை இழுத்து நீட்டி நரம்பாக்கினார்கள். அதைத் தகட்டுத் துளைகளில் இழுத்து மெலிய வைத்ததன் எச்சமே இன்றைய எக்ஸ் கணக்கு. பதினொன்றிலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 0 எக்ஸ் என்றால் 0.011 அங்குலம், 4 எக்ஸ் என்றால் 0.007. எண் ஏற ஏற நரம்பு இளைக்கும். புழு போய்விட்டது, கணக்கு நின்றுவிட்டது. சால்மன்காரர்கள் விவரமானவர்கள், நரம்பு தாங்கும் எடையைப் பவுண்டில் பேசுகிறார்கள்.

1935-இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டார். 1971-இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் ஃபுளோரோகார்பன் தூண்டில் நரம்பைக் கொணர்ந்தது. பூசல் அங்கே தொடங்கிற்று.

இனிப் பரபக்கம். ஃபுளோரோகார்பன் மதத்தார் கூறுவது: எம் நரம்பு நீரில் மறையும். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில். ஆகவே நைலானைவிட இது நீரோடு நெருங்கிய உறவு என்பது மெய். ஆயினும் நெருங்கிய உறவு வேறு, மறைந்துபோதல் வேறு என்க.

இது நிற்க, அந்த மாயநரம்பின் நுனியில் இவர்கள் கட்டுவது யாது? உலோகக் குண்டுக் கண்கள் பிதுங்கி நிற்கும் கிளவுசர் மின்னோ. எலுமிச்சைப் பச்சையிலும் ரோஸிலும் மயிர்க்கற்றை, நடுவே பளபளக்கும் ஜிகினா. படைப்பில் இதற்கு ஈடான உயிர் இல்லை. இதை இரையென்று நம்பி வாயைத் திறக்கும் கோஹோ சால்மன், முன்னால் ஓடும் கால் மில்லிமீட்டர் நரம்பைக் கண்டு 'இதில் ஏதோ சூது' என்று திரும்பிவிடுமாம்! ஆற்றுக்குள் ஏறிவிட்ட சால்மன் இரையெடுப்பதை நிறுத்திவிடும்; கடலில் இருப்பதோ ஹெர்ரிங் மீனைத் துரத்தித் தின்னும் பசிக்காரன். நம் கால்வரை பின்தொடர்ந்து வந்து திரும்பும் மீன்கள் உண்டுதான். அதற்குப் பெரும்பாலும் காரணம் கயிற்றை இழுக்கும் வேகமே அன்றி நரம்பன்று என்பது என் துணிபு.

சுபக்கம் வருமாறு. நைலான் நீரை உறிஞ்சிச் சற்றே வலுவிழக்கும், ஃபுளோரோகார்பன் உறிஞ்சாது. ஆனால் நைலான் இழுபடும், கோஹோ அறைந்து திரும்பும் அதிர்ச்சியைத் தாங்கும். ஃபுளோரோகார்பன் விரைவாக அமிழும். அடர்த்தி ஏறத்தாழ 1.78, நைலானுக்கோ 1.14. மேல்மட்டத்தில் சளசளக்கும் பாப்பர் வகை ஃபிளைக்கு ஃபுளோரோகார்பனைக் கட்டுவது, மிதக்கவேண்டியதற்குக் கல் கட்டுவதாகும். வீச்சுக் கயிறு மெல்ல அமிழும் வகை என்றால் லீடர் ஐந்தாறு அடி போதும். நீண்டால் கயிறு கீழே போக, ஃபிளை மேலேயே நிற்கும்.

உண்மையில் மீனைத் தொலைப்பது முடிச்சே. இதற்குத் தடயம் உண்டு. அறுந்து வந்த நுனியை விளக்கொளியில் பாருங்கள். பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. எச்சில் படாமல் உலர இறுக்கிய பாவம். சுருளாமல், அறுந்த இடத்துக்கு மேலே சொரசொரப்பாக இருந்தால் பாறையில் ஒட்டிய பார்னகிள் என்னும் உயிரியின் ஓடு தின்றது. இரண்டிலும் மீனின் கண்ணுக்குப் பங்கில்லை. விறைப்பான ஃபுளோரோகார்பன் முடிச்சில் எளிதில் அடங்காது என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பிங்க் சால்மன் இந்த உள்கடலுக்குத் திரளாக வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். எனவே அந்த இனத்தின்மீது மேலாய்வு செய்வோர் இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டுமே கருத்து மாறலாம்.

தீர்ப்பு: மிதக்கும் கயிற்றுக்கு ஒன்பதடி லீடர், பத்துப் பவுண்டு டிப்பெட், விலை குறைந்த நைலான். பார்னகிள் மண்டிய கரையென்றால் பன்னிரண்டு பவுண்டு. மறுப்புரை எழுத முனையும் ஃபுளோரோகார்பன் அன்பர்கள், பேனாவை எடுக்குமுன் தம் டிப்பெட்டின் கடைசி ஓரடியை விரல்நகத்தால் ஒருமுறை நீவிப் பார்த்துவிட்டு எழுத வேண்டுகிறேன்.