ஒய்.பி. ஆகப்போகும் அண்ணன்

ஜார்ஜ்டவுனில் ஒரு லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டால் முதலில் வந்து நிற்பது மாநகர் மன்ற லோரி அல்ல, கவுன்சிலர் அண்ணன்தான். லோரி வருவதற்குள் அவர் மூன்று படம் எடுத்து முடித்திருப்பார். முதல் படத்தில் லோங்காங்கைக் கைநீட்டிக் காட்டுவார். இரண்டாவதில் அதைப் பார்த்துக் கவலைப்படுவார். மூன்றாவதில் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் சேர்த்துக்கொண்டு இருவருமாகக் கவலைப்படுவார்கள். குப்பையை அள்ளிய பிறகு நாலாவது. தண்ணீர் ஓடத் தொடங்கும் முன்பே நான்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு உழைக்கும் அண்ணனுக்கு இதுவரை யாரும் ஓட்டுப் போட்டதில்லை. போடவும் முடியாது. பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் 24 கவுன்சிலர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். சட்டப்படி ஒரு தவணை 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. தவணை முடிந்தால் மறுபடி கடிதம் வரவேண்டும். வராவிட்டால் அண்ணன் வெறும் அண்ணன்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் 1951-இல் இங்கேதான் நடந்தது. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஆசிரியர் டி.எஸ். இராமநாதன் அதன் மேயராக இருந்தார். அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 'மறுபடி நடத்துங்கள்' என்றது. அரசாங்கம் அதைக் கேட்டுக்கொண்டு, 1976-இல் சட்டம் போட்டு ஒரேயடியாக ஒழித்தது. பினாங்கு அரசு 2012-இல் தனியாக ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கும் கதவைச் சாத்திவிட்டது.

இந்த வரலாறெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். மேடையில் கேட்டால் "ஊராட்சித் தேர்தல் ஜனநாயகத்தின் உயிர்நாடி" என்று முழங்குவார். அதையே மாமாக் கடையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருக்கும்போது கேட்டால் குரல் தாழ்ந்துவிடும். "வந்தா நல்லதுதான் தம்பி. நான் ஒய்.பி. ஆன பிறகு வரட்டும்."

அவர் கண் முழுக்க லைட் ஸ்திரீட்டில் இருக்கும் சட்டமன்றக் கட்டடத்தின் மேல்தான். அங்கே 40 நாற்காலி; ஒன்றில் உட்கார்ந்துவிட்டால் ஒய்.பி. போகும் வழியோ லோங்காங் ஓரமாகப் போவதில்லை, மாநில அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தார் கோபுரத்தின் லிஃப்ட் வழியாகப் போகிறது. எந்தத் தலைவர் எத்தனை மணிக்குக் கீழே இறங்குவார், யாரோடு ஏறினால் இருபத்தெட்டாம் மாடி வரை பேசிக்கொண்டே போகலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இறங்கவேண்டிய மாடி தாண்டிப் போய், அப்புறம் தனியாகக் கீழே வருவார்.

இந்தியர்களை நிறுத்தும் தொகுதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிறை, பாகான் டாலாம், பத்து உபான் என்று எண்ணி வருவார். ஸ்ரீ டெலிமா வந்ததும் விரல் நின்றுவிடும். அங்கே ஒய்.பி.யாக இருந்த ராயர் 2018-இல் ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குப் போன பிறகு அது கைநழுவிய கணக்கு. பிறையும் பாகான் டாலாமும் கடலுக்கு அப்பால் இருப்பது அவருக்கு ஒரு தடையே இல்லை. "பாலம் எதுக்குக் கட்டியிருக்காங்க?"

தொகுதியில் ஏற்கெனவே ஒய்.பி. ஒருவர் இருக்கிறாரே என்பதுதான் ஒரே சங்கடம். அவருடைய உடல்நலத்தில் அண்ணனுக்குள்ள அக்கறை அவருடைய பிள்ளைகளுக்குக்கூடக் கிடையாது. "இளைச்சிட்டீங்களே ஒய்.பி.! ரொம்ப அலையாதீங்க. கொஞ்சம் ஓய்வெடுங்க." எத்தனை ஆண்டு ஓய்வு என்பதை மட்டும் சொல்வதில்லை.

தைப்பூசம் அவருக்குத் தேர்தல் ஒத்திகை. நகரத்தாரின் வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் புறப்படத் தொடங்கியது. எது முந்திப் போகவேண்டும் என்று ஊர் இரண்டுபட்டு நின்றபோது, இரண்டுக்கும் முன்னால் தேங்காய் உடைத்த ஒரே மனிதர் நம்மவர்தான். நிருபர் கேட்டதற்கு "முருகன் ஒருத்தர்தானே" என்றார். தண்ணீர்மலை போகும் வழியில் அவருடைய தண்ணீர்ப் பந்தல். பதாகையில் தலைவர்கள் மேலே வரிசையாகச் சிரிக்க, அண்ணன் கீழே மூலையில் அடக்கமாகக் கும்பிடுவார். மூலைதான், ஆனால் தொகுதி ஒய்.பி.யின் படத்தைவிட ஒரு விரற்கடை பெரிசு. அச்சகத்துக்காரர் தவறு என்பார். வருஷா வருஷம் அதே அச்சகத்துக்காரர், அதே தவறு.

ஓட்டில் பெரும்பகுதி சீனர்களுடையது என்பதால் பாசாரில் அவர் வாயில் ஹொக்கியன் அருவியாய்க் கொட்டும். மீன் விற்கும் ஆ சோவிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார், விலை மட்டும் கேட்கமாட்டார். மசூதிப் பக்கம் போனால் பாத்தேக் சட்டை. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வந்தால் வேட்டி. தமிழ் மட்டும் சற்றுத் தடுமாறும். மேடைக்குப் போகும்போது "மாண்புமிகு" பட்டியலைப் பேத்திதான் எழுதிக் கொடுக்கிறாள்.

ஆசை இருக்கிறதா என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். அடிபட்டவர் மாதிரி முகம் சுருங்கும். "எனக்கா? பதவிக்கு அலையிற ஆள் இல்ல தம்பி. கட்சி முடிவு செய்யும்." வைப்புத்தொகை 5,000 ரிங்கிட்டைத் தனிக்கணக்கில் போட்டு வைத்து ஆண்டுக்கணக்காகிறது. சமையலறை அலமாரி மாற்றச் சேர்த்த பணம் என்று அண்ணி நம்பிக்கொண்டிருக்கிறார்.

கவுன்சிலராக இருந்தவர்கள் ஒய்.பி. ஆனதில்லையா என்றால், ஆகியிருக்கிறார்கள். 2018-இல் புலாவ் தீக்கூசில் கிறிஸ் லீ, பத்து லஞ்சாங்கில் ஓங் ஆ தியோங். இந்த இரண்டு பெயரையும் அண்ணன் தேவாரம் மாதிரி ஓதுவார். 2023-இல் இன்னொன்று நடந்தது. 15 ஆண்டு பிறையை வைத்திருந்த பேராசிரியர் இராமசாமிக்கே இடம் இல்லையென்றது கட்சி, சுந்தராஜூ வந்தார். அன்று எல்லாரும் அதிர்ச்சியில் இருந்தார்கள். அண்ணனும் அதிர்ச்சி என்றுதான் பதிவு போட்டார். ஆனால் அன்றிலிருந்து எந்தத் தொகுதியையும் அவர் நிரம்பியதாகக் கணக்கில் வைப்பதில்லை.

வேட்பாளர் பட்டியல் வரும் இரவில் அவருக்கு இரண்டு கைபேசியும் சார்ஜில் இருக்கும். குளிக்கப் போனால் பேத்தி கதவுக்கு வெளியே கைபேசியோடு காவல். அழைப்பு வரும். சாயாவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்கும் தொண்டரிடமிருந்து வரும். பட்டியலைக் கடைசியில் எல்லாரையும்போல் ஃபேஸ்புக்கில்தான் பார்ப்பார். பழைய ஒய்.பி.யே மறுபடியும்.

ஐந்து நிமிஷம் மௌனம். பிறகு "கட்சியின் முடிவை மனமார வரவேற்கிறேன்" என்று பதிவு. சொற்கள் போன தடவை போட்டவைதான், தேதி மட்டும் மாற்றியிருப்பார்.

விடிந்தால் அவர்தான் தொகுதித் தேர்தல் இயக்குநர். இங்கேதான் அண்ணனின் உண்மையான திறமை வெளிப்படும். எந்த ஃபிளாட்டில் எந்த மாடியில் யார் கோபமாக இருக்கிறார், யாருடைய லோங்காங்கை எந்த மாதம் அள்ளினோம், எந்தப் பாட்டியை வண்டி அனுப்பிக் கூட்டிவரவேண்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வைத்திருப்பார். இரவு பகலாய் அலைந்து, தொண்டை கட்டி, வேட்பாளருக்குக் குடைபிடித்து, 18 வயதுப் பிள்ளைகளிடம் டிக்டாக் கற்றுக்கொண்டு வேலை செய்வார். எண்ணி முடித்தால் ஒய்.பி.க்குப் போன தடவையைவிடப் பெரும்பான்மை கூடியிருக்கும். அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள்.

தோளில் இருந்தபடியே அவருக்கு அந்தக் கவலை வந்துவிடும். இவ்வளவு ஓட்டில் ஜெயித்த மனுஷனை அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி மாற்றும்?